அறவாழிச் சுவர்

புரட்டாசி 16, செவ்வாய்

இன்று தொடங்குகிறேன். சங்கத் தேர்தலுக்கு இன்னும் நாற்பது நாள். ஆறாம் முறையாகத் தலைவர் பொறுப்புக்கு நிற்கிறேன். இருபத்திரண்டு ஆண்டுகளாக மேடையில் நான் பேசிய பேச்சையெல்லாம் காற்று கொண்டுபோயிற்று. ஒரு பக்கமேனும் கையில் இல்லை. இந்த நாற்பது நாளையாவது எழுதி வைப்பேன். பின்னாளில் எங்கள் தொழிலாளர் வரலாற்றை எழுத அமர்பவனுக்கு உதவும்.

முதற்பக்கத்தில் இடம்பெற வேண்டியது சுவர்.

எங்களுடையது கண்ணாடிப் புட்டி வார்க்கும் ஆலை. மணலும் சுண்ணாம்பும் சோடா உப்பும் கலந்து உலைக்குள் தள்ளுகிறோம். ஆயிரத்தைந்நூறு பாகை வெப்பத்தில் அது தேனாக உருகி, மறுமுனையில் புட்டியாக வெளிவருகிறது. எட்டு ஆண்டுகளாக அந்த உலை ஒரு நொடியும் அணைந்ததில்லை. அணைத்தால் உள்ளிருப்பது பாறையாக இறுகிவிடும். நான் மணல் கலக்கும் கொட்டகையில் வேலை செய்பவன். உலைச் சுவரை ஒட்டி நின்று வேலை செய்பவன் என் மனைவி பூங்கோதையின் தம்பி வைரக்கண்ணு. சென்ற ஆனியில் ஒரு நண்பகல் அவன் அச்சுவரடியில் மயங்கி விழுந்தான். தூக்கி வந்தபோது அவன் சட்டைப் பொத்தான்கள் நெகிழ்ந்து வளைந்திருந்தன.

அன்று மாலை ஆலை வாயிலில் பேசினேன். “வெறுங்கல்லுக்கு ஒரு சட்டை தைத்துப் போட வக்கற்ற ஆலையே! எங்கள் பிள்ளைகளின் தோலை உரித்துத்தான் உன் உலைக்குப் போர்த்தப் போகிறாயா?” கைதட்டல் ஓய நெடுநேரம் ஆயிற்று. ‘சுவருக்குச் சட்டை’ என்பதே முழக்கமாகி, ஊர்ச் சுவர்களிலெல்லாம் ஏறிற்று. ஒன்பதாம் நாள் மேலாண்மை பணிந்தது. சுவரின் மேல் வெண்ணிறக் காப்புப் பலகை, அதன் மேல் தகடு. முன்பு இருநூற்றைம்பது பாகையில் கொதித்த புறச்சுவர் இன்று எழுபது. சட்டை என்றே எல்லாரும் அழைக்கின்றனர்.

ஒன்பது நாள். வேறு எந்தச் சங்கம் இதைச் செய்தது?

புரட்டாசி 19, வெள்ளி

வாக்குக் கேட்டு உலைப்பக்கம் போனேன். வைரக்கண்ணுவும் வேறு மூவரும் தகட்டில் முதுகு சாய்த்து அமர்ந்து உண்டுகொண்டிருந்தனர். சோற்றுத் தூக்குகள் தகட்டின் விளிம்பில் வரிசையாகத் தொங்கின.

“வாங்க மாமா. உங்க செவுத்துல சாஞ்சுக்குங்க. முதுகுவலிக்கு நல்லா இருக்கு” என்றான் வைரக்கண்ணு.

“கோதண்டம் ஆளு ஒருத்தன் வந்து சாஞ்சான். எழுந்திருன்னுட்டோம்” என்றான் இன்னொருவன். “ஓட்டு போட்டாத்தான் சாயலாம்.”

எல்லாரும் சிரித்தனர். கோதண்டம் என்னை எதிர்த்து நிற்பவன். அவனுடைய ஆட்கள் அத்தனை பேரும் சாய்ந்துதான் உண்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும், மகிழ்ச்சிதான். தகட்டின் மேல் யாரோ சுண்ணத்தால் என் பெயரிட்டு எழுதியிருந்தனர்: அறவாழிச் சுவர். அழிக்கச் சொன்னேன். சொன்ன குரலில் வலுவில்லை என்பதை அவர்கள் உணர்ந்திருக்க வேண்டும். ஒருவனும் எழவில்லை.

புரட்டாசி 25, வியாழன்

வெப்பமானிப் பிரிவில் பணிபுரியும் ஜெபசெல்வி என்னும் பெண் சங்க அலுவலகத்துக்கு வந்தார். சுவரைப் பற்றி ஏதோ சொல்ல வேண்டும் என்றார். துண்டறிக்கையின் அச்சுப்படியைத் திருத்திக்கொண்டிருந்தேன். இன்னொரு நாள் வரச் சொன்னேன். மாலையில் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைக் கழுவினேன். அடியில் ஒரு தவளை. எழுதத் தக்கது வேறொன்றுமில்லை.

புரட்டாசி 28, ஞாயிறு

தேர்தல் கூட்டத்துக்கான உரையைச் சமையற்கட்டில் நின்று சொல்லிப் பார்த்தேன். பூங்கோதை இட்டிலிகளை எடுத்து மூடிபோட்ட கலத்துக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“இந்த ஹாட் பாக்ஸுக்கு உங்க தமிழ்ல என்னா பேரு?”

“வெப்பக் காப்புக் கலன்.”

“நீங்க பேரச் சொல்லி முடிக்கறதுக்குள்ள இட்லி ஆறிடும்.”

அதன் பின் உரையைத் தொடர இயலவில்லை. அவள் சிரிப்பு ஒரு பக்கம். நானே ஓரிடத்தில் தடுக்கினேன். ‘நெருப்பைச் சுவருக்குள் சிறைவைத்தோம்’ என்னும் வரி. அடித்துவிட்டு வேறு எழுதினேன். அதுவும் பிடிக்கவில்லை. எழுந்து தெருமுனை வரை நடந்து திரும்பினேன். இரண்டு முறை.

ஐப்பசி 1, வியாழன்

ஆலையில் ஆயுத பூசை. எல்லாப் பொறிகளும் இன்று ஓய்ந்து பொட்டணிந்து நிற்கும். உலை மட்டும் எரிந்துகொண்டே வழிபாட்டை ஏற்கும். எனக்கு வழிபாட்டில் நம்பிக்கை இல்லை. ஆயினும் தொழிலாளர் கூடும் இடத்தில் தலைவன் இல்லாதிருத்தல் தகாது.

முந்தைய ஆண்டுகளில் சுவர்க்கல்லில் சந்தனம் வைத்தால் சுருசுருவென்று காய்ந்து கருகி உதிரும். அதைப் பார்த்துக் கைதட்டுவது இங்கே வழக்கம். இன்று தகட்டில் வைத்த சந்தனம் ஈரமாகவே வழிந்தது. குங்குமம் நின்றது. சாமந்தி மாலை வாடாமல் தொங்கியது. அதே மாலையில் பாதியை அறுத்து என் கழுத்தில் போட்டான் வைரக்கண்ணு.

“செவுத்துக்கும் மாமாவுக்கும் ஒரே மாலை” என்றான்.

கூட்டத்துக்கு அப்பால், கையில் வெப்பமானியோடு ஜெபசெல்வி நின்றிருந்தார். கைதட்டவில்லை. நான் வேறுபக்கம் பார்த்தேன்.

ஐப்பசி 2, வெள்ளி

காலை பத்து மணிக்கு ஜெபசெல்வி மீண்டும் வந்தார். கதவருகே நின்று பேசத் தொடங்காமல், நேரே கரும்பலகைக்குச் சென்று நான் எழுதியிருந்த கூட்ட அறிவிப்பை அழித்தார். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். வயது முப்பதுக்குச் சற்று மேல்.

“அண்ணாச்சி, தகடு எழுவத்தொண்ணு காட்டுது. எல்லாருக்கும் அதுதான் தெரியும். நான் சட்டைக்குள்ள ஒரு ஓட்ட போட்டுக் கம்பிய விட்டு, கல்லு மேலயே அளந்தேன். எழுநூத்தித் தொண்ணூறு.”

“சுவர் குளிர்ந்திருக்கிறதே.”

“சுவர் எங்க குளுந்துச்சி? நீங்க தொடுதது சட்டைய.” பலகையில் ஒரு சுவரை வரைந்தார். “முன்னால உள்ள ஆயிரத்தைநூறு, வெளிய எரநூத்தம்பது. சூடு இந்தக் கல்லுக்குள்ளயே படிப்படியா எறங்கிரும். இப்ப கல்லு முழுக்க மொட்டமாடி கணக்கா ஒரே சூடு. எறங்குததெல்லாம் சட்டைக்குள்ளதான். சூட்ட நாம நிறுத்தல. வெளிய வந்துக்கிட்டிருந்தத உள்ள தள்ளிப் பூட்டிட்டோம்.”

நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“உருகுன கண்ணாடி கல்லு இடுக்குல கசியாமலா இருக்கு? எப்பவும் கசியத்தான் செய்யும். பாதி வழி வந்ததும் குளுந்து இறுகிரும். அந்த இறுகுன கண்ணாடிதான் அடைப்பு. எட்டு வருசமாக் கல்லு தேஞ்சி தேஞ்சி இம்புட்டுதான் இருக்கு” என்று நான்கு விரலைக் காட்டினார். “நம்மளக் காப்பாத்துனது கல்லு இல்ல அண்ணாச்சி. வெளிய அடிச்ச காத்து. அந்தக் கல்லு ஆயிரத்துக்குப் பக்கத்துல போச்சின்னா கண்ணாடி எங்கயும் இறுகாது. நேரா வெளிய வந்துரும்.”

“அப்படி வருமானால் தகடு முன்கூட்டியே சுடாதா?”

அவர் என்னைச் சிறிது நேரம் பார்த்தார். பள்ளிப் பிள்ளையைப் பார்ப்பது போல அன்று. அரிசியில் கல் இருக்கிறதா என்று பார்ப்பது போல.

“அந்தப் பலகைக்குள்ள ஊசிமுனை அளவுக்குக் காத்துப்பொந்து, கோடிக்கணக்குல. சூடு கொறச்சலா இருக்கும்போது அது ஒவ்வொண்ணும் ஒரு கதவு. சூடு ஏறுனா, அது கைமாத்திக் கைமாத்திப் போறத விட்டுரும். வெளிச்சமாப் பாயும். பொந்துக்குப் பொந்து தாவும். கதவெல்லாம் சன்னலாயிரும். சூடு ரெட்டிச்சா இந்தப் பாய்ச்சல் பதினாறு மடங்கு. அதனாலதான் தகடு ரொம்ப நாளைக்குச் சும்மா இருக்கும். ஏறத் தொடங்குச்சின்னா அப்புறம் நாள்கணக்கு இல்ல. மணிக்கணக்கு.”

“என்ன செய்ய வேண்டும்?”

“சட்டையக் கழத்தணும். பழையபடி விசிறி வச்சி அடிக்கணும்.”

“ஆட்கள் மீண்டும் வெந்துபோவார்கள்.”

“வேர்க்கும். மாத்தி மாத்தி நிக்கட்டும், மோர் குடிக்கட்டும். மேனேஜர்ட்ட எழுதிக் குடுத்தேன். ‘யூனியன் போராடி வாங்குனது, கழத்தச் சொன்னா கேட்டுல உக்காந்துருவானுங்க’ன்னுட்டாரு. நீங்க சொன்னாக் கழத்துவாங்க அண்ணாச்சி. உங்க வாய்க்குத்தான் இங்க மதிப்பு.”

எண்ணிப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அவர் போன பின் பலகையில் இருந்த சுவரை அழித்தேன். கூட்ட அறிவிப்பை மீண்டும் எழுதினேன். எழுத்து மட்டும் சாய்ந்திருந்தது.

ஐப்பசி 5, திங்கள்

மேலாளரைக் கண்டேன். அறை குளிர்ந்திருந்தது.

“அந்தப் பொண்ணு உங்ககிட்டயும் வந்துச்சா?” என்று சிரித்தார். “அறவாழி சார், சட்டை போட்டதுல எண்ணெய் எவ்வளவு மிச்சம் தெரியுமா? தலைமை ஆபீஸ்ல ரொம்ப சந்தோஷம். நீங்க கேட்டீங்க, நாங்க குடுத்தோம். இப்ப நீங்களே வேணாம்னா, எழுதிக் குடுங்க. சங்கத் தலைவர்னு கையெழுத்துப் போட்டு.”

“ஒன்பது நாளில் எப்படி இத்தனை பலகை வந்தது?” இக்கேள்வியை நான் ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

“ஒம்போது நாள்லயா? நீங்க பேசறதுக்கு முந்தின மாசமே ஆர்டர் போட்டாச்சு சார். லாரி வந்து எறங்குறதுக்கும் நீங்க பேசுறதுக்கும் சரியா இருந்துச்சு.”

இதை நான் எவரிடமும் சொல்லப் போவதில்லை.

எழுதியும் கொடுக்கவில்லை. தாள் கேட்டேன், கொடுத்தார், மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஐப்பசி 6, செவ்வாய்

ஜெபசெல்வி சொன்ன அளவு: தகடு 72. கல் 830.

ஐப்பசி 7

தகடு 72. கல் 851. பூங்கோதைக்குக் காய்ச்சல்.

ஐப்பசி 8, வியாழன்

காலையில் அவள் உடல் அனலாக இருந்தது. நடுங்கினாள். கம்பளியை எடுத்துக் கழுத்துவரை போர்த்தினேன். அதன் மேல் இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் இரண்டையும் உதைத்துத் தள்ளினாள்.

“போத்தாதீங்க. உள்ளயே வேகுது.”

“குளிர்கிறது என்றாயே.”

“குளிருதுதான். அதுக்காகப் போத்திப் போத்தி வெச்சா சூடு எங்க போவும்? ஈரத்துணி எடுங்க.”

ஈரத்துணியை நெற்றியில் வைத்தேன். துணியிலிருந்து ஆவி எழுவதைப் பார்த்துக்கொண்டே அமர்ந்திருந்தேன். நண்பகலில் வியர்த்துக் காய்ச்சல் இறங்கிற்று.

மாலை பண்ணுருட்டியில் இலக்கியக் கூட்டம். ‘அஞ்சாமை’ என்பது தலைப்பு. நாற்பது மணித்துளி பேச வேண்டியவன் பதினைந்தில் முடித்துவிட்டேன். தொண்டை சரியில்லை என்றேன். வழியெல்லாம் பேருந்தின் கம்பியை இடக்கையும் வலக்கையும் மாற்றி மாற்றிப் பிடித்தேன். எந்தக் கையும் சரியாக இல்லை.

ஐப்பசி 9, வெள்ளி

எண்ணிப் பார்த்ததைத் தெளிவாக எழுதுகிறேன்.

ஒன்று: ஜெபசெல்வி இளையவர், ஒரு கம்பியின் அளவை நம்பிப் பேசுகிறார். கம்பி பிழைபடலாம். இன்னொன்று: தேர்தல் இருபத்தைந்தாம் நாள். அதற்குள் சட்டையைக் கழற்றினால் கோதண்டம் வெல்வான். வென்றால் எதையும் அளக்கவே மாட்டான். ஆகவே வென்ற பின் கழற்றுவதே தொழிலாளர் நலன். பதினாறு நாள்தான். எட்டு ஆண்டு நின்ற சுவர் பதினாறு நாள் நிற்காதா?

ஜெபசெல்வியிடம் தீபாவளி கழியட்டும் என்றேன்.

“சுவருக்குத் தீவாளி தெரியுமா அண்ணாச்சி” என்றார். வேறொன்றும் சொல்லாமல் ஒரு தாளை நீட்டினார்.

தகடு 72. கல் 884.

எழுதியதைப் படித்துப் பார்த்தேன். நன்றாகக் கட்டப்பட்டிருக்கிறது. மேடையில் சொன்னால் எவரும் மறுக்க மாட்டார்கள்.

ஐப்பசி 10

கல் 941. தகடு 74. இரண்டு. இரண்டு பாகைதானே.

வைரக்கண்ணுவைப் பகல் பணியிலிருந்து மாற்றக் கேட்கலாமா என்று பூங்கோதையிடம் சொன்னேன். எதற்கு என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

ஐப்பசி 11, ஞாயிறு

காலை ஒன்பதே காலுக்கு ஜெபசெல்வி தொலைபேசினார். “தகடு தொண்ணூத்தேழு அண்ணாச்சி. ஆறு மணிக்கு எழுவத்தஞ்சி.” நான் போய்ச் சேர்ந்தபோது நூற்றுப் பன்னிரண்டு.

ஆட்கள் தகட்டில் சாய்ந்திருக்கவில்லை. சற்றுத் தள்ளி அமர்ந்திருந்தனர். இன்று கொஞ்சம் சுடுகிறது என்று ஒருவன் சொன்னான். மேலாளர் ஊரில் இல்லை. அவர் உதவியாளர் காத்திருக்கச் சொன்னார். கழற்றுங்கள் என்றேன். எவரும் அசையவில்லை.

“என்னா தலைவரே, நீங்க வாங்கிக் குடுத்தது. கோதண்டம் எதாச்சும் மிரட்டினானா?”

பேசினேன். அடுக்குமொழி வரவில்லை. கல், காற்று, அடைப்பு என்று துண்டு துண்டாக ஏதோ வந்தது. ஜெபசெல்வி என்னை முந்திக்கொண்டு சொல்லி முடித்தார். நான் திருகுகுறட்டை எடுத்தேன். வைரக்கண்ணு அதைப் பிடுங்கினான்.

“நீங்க மண்ணு கலக்கறவரு மாமா. தள்ளுங்க. போட்டவன் நான்; கழட்டறவனும் நான்தான்.”

எட்டுத் தகடு. ஒவ்வொன்றாக இறங்கின. பலகையைப் பெயர்த்ததும் உள்ளே கல் பழுத்த மாதுளை நிறத்தில் இருந்தது. விசிறிகளை உருட்டி வந்து திருப்பினோம். காற்றுப் பட்ட இடமெல்லாம் சிவப்பு அடங்கிக் கறுத்தது. எட்டாவது தகட்டின் பின்னே, மூலைக்கல் இடுக்கில், விரல் தடிமனில் கண்ணாடி ஒழுகி வந்தது. ஓசையே இல்லை. தேன் வடிவது போல. நீரைப் பீய்ச்சினோம். அது உறைந்தது, உறைந்த கண்ணாடியே வழியை அடைத்தது. உலை தப்பியது. அங்கிருந்த ஆறு பேரும் தப்பினர்.

ஒழுகிய கண்ணாடி பட்டு வைரக்கண்ணுவின் இடக்காலணி எரிந்தது.

ஐப்பசி 12, திங்கள்

மருத்துவமனையில். காலணி மட்டும் எரியவில்லை. இரண்டு விரல் எடுத்துவிட்டனர்.

பூங்கோதை தம்பியின் கட்டிலருகே இருந்தாள். ஜெபசெல்வி ஆரஞ்சுப் பழங்களோடு வந்தார். அவர் எதையும் மறைத்துப் பேசத் தெரியாதவர்.

“நான் புரட்டாசியிலயே சொன்னேன்லா அக்கா. பதினெட்டு நாளாச்சி.”

பூங்கோதை பழத்தை உரித்துக்கொண்டிருந்தாள். உரித்து முடித்தாள். சுளைகளைப் பிரித்துத் தம்பியின் கையில் வைத்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

வைரக்கண்ணு திரும்பினான். “ஏன் மாமா?” என்று மட்டும் கேட்டான்.

நான் செவிலியரைக் கூப்பிட எழுந்து வெளியே வந்தேன். செவிலியர் எவரும் தேவைப்படவில்லை.

ஐப்பசி 13

சோறு வைத்தாள். பேசவில்லை.

ஐப்பசி 14

பேசவில்லை. நான் ஓர் உரை எழுதினேன். கிழித்தேன். இன்னொன்று எழுதினேன்.

ஐப்பசி 16, வெள்ளி

தேர்தல் கூட்டம். மாலை நான்கு மணி. நானூறு பேர். கோதண்டமும் பின்வரிசையில் நின்றிருந்தான். கைகட்டி.

ஆட்கள் என்னை வாழ்த்தி முழங்கினர். உலையைக் காத்த தலைவர் என்று பெரிய விளம்பரத் துணி. தகடு ஏறிய அன்றே ஓடிவந்து கழற்றச் சொன்னவர் நான் என்று கதை பரவியிருந்தது. ஒரு சொல்லும் சொல்லாமல் அந்தக் கதைக்குள் நின்றுகொள்ள முடியும். ஒலிபெருக்கியின் முன் நின்றேன். நான் எழுதிய உரை பையில் இருந்தது; அருமையான உரை. அதை எடுக்கவில்லை. இந்தச் சுவடியை எடுத்தேன்.

புரட்டாசி இருபத்தைந்தாம் நாளின் பக்கத்தைப் படித்தேன். ‘இன்னொரு நாள் வரச் சொன்னேன்.’ பிறகு சொன்னேன்:

“இது பொய். அன்றைக்கே அந்தப் பெண் நின்றபடி பத்து மணித்துளியில் முழுவதும் சொன்னார். நான் முழுவதும் கேட்டேன். மாலையில் வீட்டுக்குப் போய், கேட்கவில்லை என்று எழுதிக்கொண்டேன். எழுதியதை நானே நம்பினேன். ஐப்பசி இரண்டில் மறுபடியும் சொன்னார். ஒன்பதில் மறுபடியும். தேர்தல் முடியட்டும் என்று இருந்தேன். வைரக்கண்ணுவின் இரண்டு விரல் அதனால் போயின.”

ஐப்பசி ஒன்பதின் பக்கத்தையும் படித்தேன். ‘பதினாறு நாள்தான்’ என்ற இடத்தில் யாரோ செருப்பைத் தரையில் தேய்க்கும் ஓசை கேட்டது. ஐந்தாம் நாளையும் படித்தேன். பலகை எனக்கு முன்னரே வாங்கப்பட்டது என்பதை. எவரிடமும் சொல்லப் போவதில்லை என்ற வரியையும் சேர்த்து.

“இத ஏன் இப்ப சொல்றீங்க?” என்று ஒருவன் கத்தினான். வைரக்கண்ணுவோடு சாய்ந்து உண்பவன். “சொல்லாம இருந்தா யாருக்குத் தெரியப் போவுது?”

“சொல்லாமல் இருந்ததைத்தான் இத்தனை நேரம் படித்தேன்” என்றேன்.

கைதட்டல் இல்லை. கோதண்டம்கூடத் தட்டவில்லை. மேடையிலிருந்து இறங்கும்போது என் செருப்பு ஒன்று கழன்றது. குனிந்து மாட்டிக்கொள்ள நெடுநேரம் ஆயிற்று.

வீட்டில் பூங்கோதை, “படிச்சீங்களாமே” என்றாள். நான்கு நாளுக்குப் பின் முதற்சொல்.

“படித்தேன்.”

“அவன்கிட்ட படிச்சீங்களா?”

ஐப்பசி 17

போனேன். கட்டிலருகே அமர்ந்து அதே பக்கங்களைப் படித்தேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தான். முடித்ததும், “போயிட்டு வாங்க” என்றான். மாமா என்று சொல்லவில்லை.

ஐப்பசி 20, செவ்வாய்

தீபாவளி. நாங்கள் எதுவும் செய்யவில்லை. பூங்கோதை அதிரசம் மட்டும் சுட்டு மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றாள். கோதண்டம் தன் ஆட்களோடு உலைப்பக்கம் வந்து, சட்டையை மீண்டும் போட வைப்பேன் என்று வாக்களித்தானாம். ஜெபசெல்வி கல்லை அளந்து காட்டி விரட்டினாராம். இதைச் சொல்லும்போது பூங்கோதையின் உதட்டில் ஏதோ ஓடிற்று. சிரிப்பு என்று எழுத அஞ்சுகிறேன்.

ஐப்பசி 25, ஞாயிறு

கோதண்டம் 297. நான் 88.

எண்பத்தெட்டுப் பேர் யார் என்று நாளெல்லாம் எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஐப்பசி 26, திங்கள்

மணற்கொட்டகையிலிருந்து உலைச் சுவருக்கு மாற்றம் கேட்டு எழுதிக் கொடுத்தேன். வைரக்கண்ணு திரும்பும் வரை அவன் இடத்தில். மேலாளர் அன்றைக்குக் கொடுத்த அதே தாளில் எழுதினேன். பையில்தான் இருந்தது.

ஐப்பசி 28

முதல் நாள். சுவர் வெறுமையாக நிற்கிறது. முன்கையில் மயிர் பொசுங்கும் நாற்றம். இருபது மணித்துளிக்கு ஒரு முறை ஆள் மாறி வெளியே போய் மோர் குடிக்கிறோம். என்னோடு நிற்பவர்கள் என்னோடு பேசுவதில்லை. ஒருவன் மட்டும், “நீங்க வாங்கிக் குடுத்த வேர்வை தலைவரே” என்று துண்டைப் பிழிந்து காட்டினான். மற்றவர்கள் சிரித்தனர். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

ஜெபசெல்வி மணிக்கொரு முறை வந்து அளந்து, எண்ணைச் சுண்ணத்தால் தூணில் எழுதிவிட்டுப் போகிறார்.

ஐப்பசி 29, வியாழன்

நண்பகல் உணவு வேளையில் தொலைபேசி அடித்தது. வைரக்கண்ணு. மருத்துவமனையிலிருந்து நேற்று வீடு திரும்பியவன். பதினெட்டு நாளில் அவனாக என்னை அழைத்தது இதுவே முதல்முறை.

வணக்கம் சொல்லவில்லை. கால் எப்படி என்று நான் கேட்பதற்கும் இடம் விடவில்லை.

“எவ்வளவு காட்டுது?”

தூணைப் பார்த்தேன். “இருநூற்று அறுபத்து மூன்று.”

சுவரின் விசிறி மட்டும் என் காதருகே இரைந்துகொண்டிருந்தது.

“சுடுதா மாமா?”

“சுடுது.”

“சரி” என்றான். “நாளைக்கும் கேப்பேன்.”